கிளட்ச் பிடிக்கும் இடம்

காற்று இன்னும் அடங்கவில்லை. அடங்கவே வேண்டாம் என்று தணிகாசலம் வேண்டிக்கொண்டான். எந்தச் சாமியை என்று யோசிக்கவில்லை; தடத்தின் இடது ஓரத்துக் கம்ப வரிசையில் முதல் கம்பத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு நிறத் துணிப்பையைப் பார்த்துத்தான் வேண்டிக்கொண்டான். அது வாய் பிளந்து, உடம்பெல்லாம் காற்றை நிரப்பிக்கொண்டு, கிழக்கே நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. அது தொங்கிப்போனால் காற்று நின்றது, ஓட்டலாம் என்று அர்த்தம்; கட்டுப்பாட்டு அறையிலிருந்து பெலிக்ஸ் சார் வாக்கி டாக்கியில் "ரெடியா தணிகா?" என்பார். ரெடி என்று சொல்லவேண்டும். சொன்னபிறகு பின்வாங்க முடியாது. எதிரே சோதனைத் தடம் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் கிடந்தது, கடைசியில் வெயிலில் உருகி வானத்தோடு ஒட்டிக்கொண்டு. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை இந்தச் சிவப்பு வண்டி எத்தனை நொடியில் தொடுகிறது என்று காட்டுவது அவன் வேலை. கம்பெனி செய்யும் கார்களெல்லாம் ஊர் சாலையைப் பார்ப்பதற்கு முன் அவன் காலைப் பார்த்துவிட்டுத்தான் போகின்றன. அப்படித்தான் பெலிக்ஸ் சார் விருந்தாளிகளிடம் சொல்வார்: "நம்ம தணிகா காலுக்கு ஒரு சிலை வைக்கணும்." எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அந்தக் கால் இப்போது கிளட்ச் பெடலின்மேல் இருந்தது. இருக்கிறது என்று நினைத்தான். முட்டிவரைக்கும் தெரிகிறது, கெண்டைக்கால்வரைக்கும் தெரிகிறது, அதற்குக் கீழே யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி. ஷூவுக்குள் என்ன இருக்கிறது? கால்தான் இருக்கவேண்டும். காலையில் அவன்தான் உள்ளே விட்டு நாடாவைக் கட்டினான். குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பக்கத்தில் ஃபர்ஹானா மேடம் உட்கார்ந்திருக்கிறாள், இத்தனை வருஷம் ஓட்டுகிறவன் பெடலைக் குனிந்து பார்த்தால் அவள் என்ன நினைப்பாள். அதனால் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி தலையைத் திருப்பி, கண்ணை மட்டும் கீழே விட்டான். இருந்தது. கறுப்பு ஷூ, வெள்ளைக் கோடு, பெடலின்மேல் உட்கார்ந்திருந்தது, வேறு யாருடைய காலோ போல.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. திடீரென்று வந்திருந்தால் பயந்திருப்பான், சொல்லியிருப்பான். இது மெதுவாக வந்தது. முதலில் பாதத்துக்கு அடியில் ஒரு துணி ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது, சாக்ஸ் சுருண்டிருக்கிறது என்று நினைத்துக் கழற்றிக் கழற்றிப் போட்டான். அப்புறம் ராத்திரியில் ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி. அதுவும் ஒருநாள் நின்றுபோனது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான். என்ன முட்டாள்தனம், எறும்பு போகவில்லை, எறும்பைத் தெரிந்துகொள்கிறது எதுவோ அதுதான் போனது. அது பூந்தமல்லிக் கல்யாணத்தில்தான் தெரிந்தது. சித்தி மகன் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு மண்டபத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அவனும் சுகுணாவும் நடந்தார்கள், சித்திரை மாத வெயில், தார் இளகிக் கிடந்தது. சுகுணா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவள் திரும்பிப் பார்த்து, "ஏங்க, இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். அவன் குனிந்து பார்த்தான். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுமையாக, தாரின்மேல், ஒரு குழந்தை மாதிரி சாதுவாக நின்றுகொண்டிருந்தது. எங்கே கழன்றது? எவ்வளவு தூரம் அப்படி நடந்தான்? அவன் சிரித்தான், அதுதான் அவனுக்கு இன்னும் நினைத்தால் குலை நடுங்குகிறது, உடனே சிரிப்பு வந்தது, உடனே பொய்யும் வந்தது. "வாரு அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்." "கால் சுடலையா?" "சுடத்தான் செய்யுது, வா சீக்கிரம்." சொல்லிவிட்டு, சுடுகிறவன் எப்படி நடப்பானோ அப்படி, நொண்டி நொண்டி, தாவித் தாவி நடந்து காட்டினான். பஸ்ஸில் ஏறும்வரைக்கும் நடித்தான். வீட்டில் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். இட்லித்தட்டு மாதிரி. அதை அழுத்திப் பார்த்தான். இன்னும் அழுத்தினான். நகத்தால் கிள்ளினான். பக்கத்து வீட்டுச் சுவரைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது.

"காத்து குறையுதுண்ணா" என்றாள் ஃபர்ஹானா. அவள் மடியில் கணிப்பொறி திறந்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னப் பெட்டிதான் வேகத்தைக் குறிக்கிறது. அது இன்றைக்குப் பார்த்து அடிக்கடி தூங்கிவிடுகிறது, தட்டி எழுப்ப ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவள் ஏறியிருந்தாள். மற்ற நாளில் அவன் மட்டும்தான் இருப்பான். அவன் மட்டும் இருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது என்று தோன்றியது, உடனே அது பொய் என்றும் தோன்றியது. அவன் மட்டும் இருந்த நாட்களிலும் பயம் இருந்தது, அதற்கு ஒரு முகம் இல்லாமல் இருந்தது. இப்போது முகம் இருக்கிறது, தலைக்கவசத்துக்குள் வேர்த்து, பொட்டு இல்லாத சின்ன நெற்றி, ஓட்டத்துக்கு முன்னால் வாயில் போட்டுக்கொண்ட இஞ்சி மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு. கொஞ்ச நேரத்துக்கு முன் அவள் மகள் போனில் பேசி அனுப்பியதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டாள். "உம்மா, வரும்போது பச்சை கலர் க்ரேயான் வாங்கிட்டு வா, பச்சை மட்டும் தீர்ந்துபோச்சு." கேட்டிருக்கக் கூடாது. கேட்டபிறகு இந்த வண்டிக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "குறையலை மேடம், மேல பாருங்க, பறந்துகிட்டுதான் இருக்கு" என்றான். அவள் பார்த்தாள். "ஆமா" என்றாள். அவனுக்கு நன்றியில் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

காலையில் முதல் ஓட்டம் முடிந்தபோதே அவள் கணிப்பொறித் திரையைக் காட்டிக் கேட்டாள். "அண்ணா, கிளட்சை முழுசா விடலையா நீங்க? கோடு இங்க வந்து தேங்கி நிக்குது பாருங்க." விட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான். வண்டிக்குள் கருகல் வாடை வந்தபிறகுதான் கால் இன்னும் பெடலின்மேல் படுத்திருப்பது தெரிந்தது. "கொஞ்சம் சூடு பண்ணேன் மேடம், முதல் ரவுண்டுல அப்படித்தான்." அவள் தலையாட்டினாள். நம்பினாள். அவன் சொன்னால் இங்கே எல்லோரும் நம்புவார்கள், அதுதான் பயங்கரம், ஒருவராவது "என்னய்யா உளர்றே" என்று சட்டையைப் பிடித்திருந்தால் அவன் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். இரண்டாவது ஓட்டத்தில் தொடையால் ஓட்டினான். ரொம்ப நாளாகவே தொடையால்தான் ஓட்டுகிறான், முட்டியால், இடுப்பால், காதால். என்ஜின் சத்தம் ஒரு நூல் இறங்கும், வண்டியின் மூக்கு ஒரு அரிசியளவு தூக்கும், அப்போது கிளட்ச் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காலுக்குத் தெரியவேண்டியதைக் காது கேட்டுச் சொல்கிறது, பக்கத்து வீட்டுக்கு வந்த போனை எடுத்துப் பேசுகிற மாதிரி. ஆனால் காது சொல்லி, மூளை கேட்டு, தொடைக்குத் தகவல் போவதற்குள் ஒரு இமைப்பொழுது போய்விடுகிறது. சும்மா ஊர் சாலையில் அந்த இமைப்பொழுது யாருக்கும் தெரியாது. இங்கே அப்படியில்லை. என்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளை ஐயாயிரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்குப் பின்னால் அவ்வளவு பலத்தையும் கட்டிப்போட்டு, அந்தக் கயிற்றை ஒரு பாதத்தால் மிதித்துக்கொண்டு நிற்கவேண்டும். மெதுவாக விட்டால் கிளட்ச் எரியும். வெடுக்கென்று விட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிப் புகையும், வால் ஒரு பக்கம் போகும், எந்தப் பக்கம் என்று அதுதான் முடிவுசெய்யும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டுக்கு மட்டும் தெரிந்த இடம்.

அந்த இடத்தை அவன் முதன்முதலில் கண்டுபிடித்தது தண்ணி லாரியில். அம்பத்தூர்ப் பக்கம், இருபத்திரண்டு வயசு, தொட்டி நிறையத் தண்ணீரோடு மேம்பாலம் ஏறும்போது பாதியில் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. லாரிக்குக் கைபிரேக் கிடையாது, இருந்தது, வேலை செய்யாது. உள்ளே தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து சாய்ந்து வண்டியை இழுத்தது, தொட்டிக்குள் யாரோ ஓடி ஓடி முட்டுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தான். பம்பரை ஒட்டி ஒரு ஸ்கூட்டர், ஒரு பெண், அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு பிள்ளை, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குப் போகிற நேரம் போதும், வண்டி பின்னால் வந்துவிடும். அப்போதுதான் இடது பாதத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்தது, பூனையின் தொண்டையில் கை வைத்தால் வருமே, அப்படி. அந்த நடுக்கத்திலேயே காலை நிறுத்தினான். லாரி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, அவ்வளவு தண்ணீரும் அவன் பாதத்தின்மேல் நின்றது. பாலம் திறக்கும்வரைக்கும் அப்படியே தாங்கினான். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்குப் பிள்ளையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி காலைத் தடவிக் கொடுத்தான், தன்னுடைய காலுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. இப்போது அந்தப் பாலத்தில் நின்றால்? இப்போது நின்றால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? நினைக்காதே. பச்சைக் க்ரேயான். நினைக்காதே என்றால் இரண்டும் சேர்ந்து வருகின்றன, இஸ்திரி போட்ட யூனிஃபார்மும் பச்சைக் க்ரேயானும், கண்ணாடியில், பம்பரை ஒட்டி.

அம்மாவுக்கும் சுகர்தான். அம்மா விஷயத்தில் முதலில் கட்டைவிரல், நகத்தோரம் ஒரு சின்னப் புண், மஞ்சள் வைத்தாள், வேப்பிலை வைத்தாள், ஒன்றும் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை என்பதை எல்லோரும் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார்கள். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முட்டிக்குக் கீழே. கடைசித் தடவை ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவள் அவனைக் கூப்பிட்டு, "தணிகா, உள்ளங்கால் அரிக்குதுடா, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றாள். அவன் போர்வையைப் பார்த்தான். ஒரு பக்கம் மேடாக இருந்தது, இன்னொரு பக்கம் கட்டில் சப்பையாக இருந்தது. "எந்தக் கால்மா?" "அதான்டா, அந்தக் கால்." இல்லாத இடத்தில், போர்வையின்மேல் அவன் விரலால் சொறிந்தான். "ம்ம், அங்கதான்" என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு இல்லாத கால் தெரிந்தது. இவனுக்கு இருக்கிற கால் தெரியவில்லை. போன வருஷம் கம்பெனி வைத்தியர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "எல்லையில நிக்குது, மூணு மாசத்துல மறுபடி வாங்க" என்றார். அவன் போகவில்லை. எல்லையில் நிற்கிறது என்றால் இன்னும் உள்ளே வரவில்லை என்றுதானே அர்த்தம் என்று அந்த வார்த்தையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். போனால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதுவார்கள். எழுதினால் வின்சென்ட். வின்சென்ட்டும் அவனைப் போல ஓட்டுகிறவன்தான், கண்ணில் ஏதோ வந்து பக்கவாட்டில் தெரியாமல் போனது. இப்போது பின்பக்க யார்டில் புது வண்டிகளை ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு நகர்த்துகிறான், நடக்கிற வேகத்தில். டீ நேரத்தில் வின்சென்ட் வந்தால் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசுவார்கள். அந்த அதிகமான சிரிப்பை அவனும் சிரித்திருக்கிறான். அது தனக்கு நேரே திரும்புவதை நினைத்தபோது, வண்டி கவிழ்வதைவிட அதுதான் பெரிதாகப் பட்டது. அப்படிப் பட்டது என்பதே அவனைத் திடுக்கிட வைத்தது. இந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, டீ நேரத்துச் சிரிப்புக்காகவா? சொல்லிவிடலாம். இப்போதே. "மேடம், ஒரு நிமிஷம்." அவ்வளவுதான், அதற்குப் பிறகு வார்த்தை தானாக வரும். நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தான். ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெடியா தணிகா?"

துணிப்பை தொங்கிவிட்டிருந்தது. எப்போது? அவன் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்துணி மாதிரி, ஒரு அசைவு இல்லை. ஃபர்ஹானா கணிப்பொறியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதுகைச் சீட்டில் அழுத்தினாள். "பெட்டி முழிச்சிருக்கு சார்" என்றாள். "ரெடி" என்று ஒரு குரல் சொன்னது. அது அவன் குரல்தான். வலது கால் தன் வேலையைச் செய்தது, அதற்கு என்ன, அது நன்றாக இருக்கிறது, என்ஜின் எழும்பியது, முள் மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. சீட்டு அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, ஸ்டீயரிங் உள்ளங்கையில் சூடாக அதிர்ந்தது, உடம்பில் அதிராத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதல் கியர். தொடையைக் கல்லாக்கினான். இப்போது தொடையை மெல்ல, ஒரு நூல், காதைக் கொடு, சத்தம் இறங்குகிறதா, இன்னும் இல்லை, கால் எங்கே? அழுத்திக்கொண்டிருக்கிறதா, நழுவுகிறதா? பாராதே. நேராகப் பார். தடத்தின் கடைசியைப் பார். பார்த்தான், கடைசியை இல்லை, கீழே பார்த்தான். ஷூ வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பெடலின் ஓரத்தில் அதன் விளிம்பு மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது, கிணற்று மேட்டில் வைத்த சொம்பு மாதிரி. அதைத் திருப்பு என்று சொன்னான். யாரிடம் சொன்னான்? அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து விழுந்தது.

அவன் விடவில்லை. கால் விட்டது. வண்டி எகிறியது. தலை பின்னால் போய் மோதியது, வயிறு முதுகெலும்பில் ஒட்டியது, பின்னாலிருந்து ஒரு கிறீச்சல், வால் இடப்பக்கம், அவள் பக்கம், கம்பங்கள் பக்கம் நகர்வது இடுப்பில் தெரிந்தது. கைகள் திருப்பின, அவன் சொல்லாமலே திருப்பின, வால் வந்துவிட்டது, சூடேறிக் கிடந்த தாரில் டயர் பிடித்துக்கொண்டது, அப்படியே வாரிக்கொண்டு போனது. இரண்டாவது கியருக்குக் காலைத் தூக்கி எங்கேயோ போட்டான், பெடலாகத்தான் இருக்கவேண்டும், கியர் விழுந்தது. கம்பங்கள் வேலியாகி, வேலி கோடாகியது. "நூறு!" என்று அவள் கத்தினாள். அவன் பிரேக்கை மிதித்து, மிதித்து, வண்டி நடைக்கு வந்தபிறகும் மிதித்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா! என்ன அண்ணா இது! அஞ்சு புள்ளி எட்டு! காலைல ஆறேகால் வந்துச்சு!" அவள் கையைத் தட்டினாள், மிட்டாய் வாய்க்குள் பல்லில் மோதியது. வாக்கி டாக்கியில் பெலிக்ஸ் சார் சிரிப்பதும் பின்னால் யாரோ விசிலடிப்பதும் கேட்டது. "தணிகா, இந்த வண்டிக்கு இதுவரைக்கும் இதான் பெஸ்ட்டுய்யா! அப்படியே திரும்பி நில்லு. எதிர்ப்பக்கம் ஒண்ணு, இதே மாதிரி. இதே மாதிரி விடு." எதிர்ப்பக்கமும் ஓடினால்தான் கணக்கில் சேரும்; ஒரு பக்கத்து ஓட்டத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவன் வண்டியை வட்டமடித்துத் திருப்பி, கோட்டில் நிறுத்தினான். இதே மாதிரி. எது மாதிரி? சிலை வைக்கணும். சிரிப்பு வந்தது, பூந்தமல்லியில் வந்த அதே சிரிப்பு, அது தொண்டையில் ஏறுவதைப் பார்த்து அவன் நடுங்கிப்போனான். இது வந்தால் பொய்யும் வரும். இது வந்தால் மறுபடி ரெடி என்பான். மறுபடி ஒருதடவை அது சரியும், அப்போது வால் வராது, வால் அவள் பக்கம்தான் போகும், கம்பங்கள் அவள் பக்கம்தான் இருக்கின்றன. இல்லை, திரும்பிவிட்டோம், இப்போது கம்பங்கள் இவன் பக்கம். ஒரு கணம் அது ஆறுதலாக இருந்தது. எப்பேர்ப்பட்ட ஆறுதல்! அவன் என்ஜினை அணைத்தான். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என்னண்ணா?"

"மேடம், அதை நான் விடலை."

"எதை?"

"கிளட்சை. அது... கால் நழுவிடுச்சு. எனக்கு இந்தக் கால்ல உணர்ச்சி இல்லை. ரொம்ப நாளா இல்லை."

அவள் சிரிக்கிற முகத்தோடேயே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை எடுப்பதற்கு அவளுக்கு நேரம் பிடித்தது. "இல்லைன்னா? மரத்துப்போயிருக்கா?" "இருக்கிறதே தெரியாது. பார்த்தாத்தான் தெரியும்." அவள் முன்கண்ணாடி வழியாக எதிரே பார்த்தாள், வந்த வழியை, தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள் வளைந்து கம்பங்களை நோக்கிப் போய், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பியதை. பிறகு கணிப்பொறியை மூடினாள். "தெரிஞ்சேதான் என்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டினீங்களா?" அவன் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன்." "ஆமா மேடம்." அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றி, தடத்தின் ஓரத்துப் புல்லில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் ஏறி இறங்கியது. அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா, தெரியவில்லை. இதற்காகத்தான் பயந்தோமா, இந்த முதுகுக்காகவா என்று அவன் நினைத்தான், இன்னும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இது வேறு பயம், இதற்குள் உட்கார்ந்திருக்க முடிந்தது. வாக்கி டாக்கி கரகரத்தது. "என்னப்பா, ஏன் நிக்குது?" அவன் அதை எடுக்கப் போவதற்குள் அவள் திரும்பி வந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு எடுத்தாள். "சார், ரன் இல்லை. உள்ள வரோம்." "ஏன், வண்டில என்ன?" "வண்டில ஒண்ணும் இல்லை சார். வந்து சொல்றோம்."

சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. "ஷூவைக் கழட்டுங்க." "எதுக்கு மேடம்?" "எங்க மாமனாருக்கும் சுகர் இருக்கு. கழட்டுங்க." அவன் காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தான், ஒரு பையைத் தூக்கி வைக்கிற மாதிரி. நாடாவை அவிழ்த்து இழுத்தான். ஷூ வரவில்லை. இன்னும் இழுத்தான், ஒரு சின்ன ஈரச் சத்தத்தோடு வந்தது. சாம்பல் நிறச் சாக்ஸ் அடிப்பக்கம் கறுத்து ஒட்டியிருந்தது. அவள் ஷூவை வாங்கித் தலைகீழாகத் தட்டினாள். தாரில் ஒரு ஸ்க்ரூ விழுந்து உருண்டது. நேற்றுப் பட்டறையில் ஷூவைப் பெஞ்சுக்கு அடியில் விட்டிருந்தான், மேலே யாரோ கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சாக்ஸை உரித்தான். பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டில், நடுவில், குழி விழுந்து, அதைச் சுற்றி வெளுத்து, உள்ளே சிவப்பாக இருந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் மிதித்திருக்கிறான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும், ஒவ்வொரு கியருக்கும். "யா அல்லாஹ்" என்றாள் அவள் மெதுவாக. பிறகு, "வலிக்கலையா?" அவன் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான். பார்த்துவிட்டோமே, இனிமேலாவது வரும் என்று காத்திருந்தான், கொஞ்சமாவது, ஓரத்திலாவது. ரத்தம் ஒரு சொட்டாகத் திரண்டு குதிகாலை நோக்கி இறங்கியது. "இல்லை மேடம்" என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

அவள் தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழிக்கப் பார்த்தாள், கிழியவில்லை, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கட்டினாள். "வீட்டுல தெரியுமா?" "தெரியாது." "இன்னிக்கே ஆஸ்பத்திரி போறோம். அக்காவை அங்க வரச் சொல்லுங்க." வேலையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனைக் கைத்தாங்கலாக அந்தப் பக்கத்துச் சீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு அவள் ஓட்டுகிற சீட்டில் ஏறினாள். முதல் தடவை வண்டி திக்கி நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. "சிரிக்காதீங்க" என்றாள், அவன் சிரிக்கவில்லை. மூன்றாவதில் நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் இந்தத் தடத்தை இந்தப் பக்கத்துச் சீட்டிலிருந்து, இவ்வளவு மெதுவாக அவன் பார்த்ததில்லை. புல்லுக்குள் நாரைகள் நடந்துகொண்டிருந்தன, எப்போதும் இருந்திருக்கும். போனை எடுத்தான். சுகுணாவின் பெயரைத் தொட்டான். மணி போகத் தொடங்கியது. அவள் எடுத்ததும் முதல் வார்த்தை என்ன? ஃபர்ஹானா இரண்டாவது கியருக்கு மாற்றினாள். அப்போது அவன் எதேச்சையாகக் கீழே பார்த்தான். அவன் இடது கால், கைக்குட்டைக் கட்டோடு, பெடல் இல்லாத வெறும் ரப்பர் விரிப்பை மெல்ல அழுத்தி, மெல்ல விட்டது. மூன்றாவது கியர். மறுபடி அழுத்தியது, விட்டது, ஒரு சிவப்புத் தடத்தை வைத்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, "சுகுணா" என்றான்.